விருந்து தில்லியில்! எச்சில் இலை நெல்லையில்!

குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுத் தூதர்களை ஏற்பவர், நாட்டின் சார்பில் அயல்நாடுகளுக்குச் செல்பவர், அயல்நாட்டுத் தலைவர்களை வரவேற்பவர், ஒப்பந்தங்கள் யாவும் அவர் பெயரால் ஆவன என்று சொல்லிவந்தபோது, கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி எழுந்து நின்றாள். "சார், அந்த ஒப்பந்தம் எந்த ஊருல நடக்கப் போகுதோ, அந்த ஊரு ஆளுககிட்ட முதல்ல கேக்கணும்னு சட்டத்துல இருக்கா?"

பாடநூலைப் புரட்டினேன், விடை இல்லை. அன்றிரவு அரசியல் சட்டத்தைப் புரட்டினேன், அங்கும் இல்லை. இல்லை என்ற அந்த ஒரு சொல்லின் பின்னே எத்தனை ஆண்டுத் துயரம் ஒளிந்திருக்கிறது என்பதைத்தான், தோழர்களே, இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அரசுத் தலைவர் ஒருவர் தில்லிக்கு வருகிறார். செங்கம்பளம் விரிக்கப்படுகிறது. 21 குண்டுகள் முழங்குகின்றன. முப்படை அணிவகுத்து நிற்கிறது. காந்தியார் நினைவிடத்தில் மலர்வளையம், மாளிகையில் பேச்சுவார்த்தை, இரவில் விருந்து, மறுநாள் கூட்டறிக்கை. நம்மவர் அங்கே சென்றாலும் இதே முறை, இதே வரிசை. நெல்லையில் ஆனித் தேரோட்டம் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே உற்சவர் அசைந்து அசைந்து நான்கு வீதியும் சுற்றி நிலையம் சேருகிறார். வடம் பிடித்தவன் கை கொப்பளிக்கிறது; வேடிக்கை பார்த்தவன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். உற்சவரால் ஆவது என்ன என்று கேட்பவனை நாத்திகன் என்கிறார்கள். இங்கே அரசுமுறைப் பயணத்தால் ஆனது என்ன என்று கேட்பவனை நாட்டுப்பற்றில்லாதவன் என்கிறார்கள். சடங்கு எங்கே இருந்தாலும் அதன் இயல்பு ஒன்றே: கேள்வி கேட்பதை அது குற்றமாக்கும்!

இத்தகைய பயணங்களைப் பற்றி ஊரார் பேசும்போது பெரும்பாலும் செலவைத்தான் பேசுகின்றனர். பிரதிபா பாட்டீல் குடியரசுத் தலைவராக இருந்தபோது 12 பயணங்களில் 22 நாடுகள் சென்றார் என்றும், அதற்கான செலவு 205 கோடி ரூபாயைத் தாண்டியது என்றும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக 2012 மார்ச்சில் வெளிவந்தது. நாடெங்கும் பேச்சு எழுந்தது. எழுந்தது முறையே. ஏழையின் வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது குடிமகனின் கடமை. ஆனால் அதே 2012 மார்ச்சில், நம் மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்தில் 144 தடை உத்தரவு போடப்பட்டு, ஆயிரக்கணக்கான காவலர் குவிக்கப்பட்டு, இடிந்தகரைக்குச் செல்லும் வழிகள் அடைக்கப்பட்டிருந்தன. அதுவும் ஓர் அரசுமுறைப் பயணத்தின் செலவுதான்! அந்தச் செலவுக்கு யார் கணக்குக் கேட்டார்கள்?

அந்தப் பயணம் 1988 நவம்பரில் நடந்தது. வந்தவர் மிகயில் கொர்பச்சேவ். அவ்வாண்டு அக்டோபரில்தான் சோவியத்து நாட்டின் உச்ச மன்றத் தலைமைக் குழுவின் தலைவராகி, கட்சித் தலைமையோடு அரசுத் தலைமையையும் ஏற்றிருந்தார். நவம்பர் 20 அன்று, அவரும் பிரதமர் இராசீவ் காந்தியும் முன்னிற்க, கூடங்குளத்தில் 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகளைக் கட்டும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, நான் பிறந்த மாவட்டத்தின் கடற்கரை ஒரு மேசையின்மீது வைத்து முடிவு செய்யப்பட்டது.

அந்த நாளை நன்றாக உற்று நோக்குங்கள். அன்றைய தமிழ்நாட்டில் முதலமைச்சர் யார்? எவருமில்லை! எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்தார். 1988 சனவரி 30-இல் ஆட்சி கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1989 சனவரியில் தேர்தல் நடந்து கலைஞர் பொறுப்பேற்கும் வரை, சட்டமன்றமே இல்லாத மாநிலமாகத் தமிழ்நாடு கிடந்தது. கேள்வி கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. எதிர்த்துத் தீர்மானம் போட ஓர் அவை இல்லை. வீட்டுக்காரன் இல்லாத நேரம் பார்த்து வேலியை நகர்த்துபவனைக் கிராமத்தில் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பது நெல்லைச் சீமைக்குத் தெரியும். தில்லியில் அதற்குப் பெயர் இராசதந்திரம்!

இன்னொன்றையும் நோக்குங்கள். செர்னோபில் உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26. அப்போது சோவியத்து நாட்டை வழிநடத்தியவர் இதே கொர்பச்சேவ். அவ்வாண்டு நவம்பரில் தில்லிக்கு வந்து, அணு ஆயுதமற்ற, வன்முறையற்ற உலகம் வேண்டும் என்ற தில்லிப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவரும் அவரே. நம் பக்கத்திலோ, போபால் நச்சுவாயு 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. அங்கே செர்னோபில், இங்கே போபால், இரண்டின் புகையும் அடங்காத நேரத்தில் இரு நாட்டுத் தலைவர்களும் கைகுலுக்கிக்கொண்டு குறித்த இடம் கூடங்குளம். விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு ஈடு என்று சொல்லும் சட்டம் அன்று உண்டா? அணு இழப்பீட்டுக்கென ஒரு சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் இயற்றியது 2010-இல்! ஒப்பந்தம் முதலில், பொறுப்பு 22 ஆண்டு கழித்து. தாலி கட்டி, குடித்தனம் நடத்திய பிறகு பெண்ணின் பெயரைக் கேட்ட கதை!

விருந்து என்றேன், எச்சில் இலை என்றேன். மிகைப்படுத்துகிறான் என்று எண்ணாதீர்கள். உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருள் பல்லாயிரம் ஆண்டு நஞ்சு. 1988-இல் போட்ட ஏற்பாட்டின்படி அந்த எச்சத்தைச் சோவியத்து நாடே திரும்ப எடுத்துச் செல்லவேண்டும். பின்னர் சோவியத்து நாடு சிதறியது. திட்டம் கிடப்பில் கிடந்தது. 1998-இல் ரஷ்யாவுடன் புதிதாகத் துணை ஒப்பந்தம் போடப்பட்டது. எச்சம் இந்தியாவிலேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு மாறியது. எடுத்துப் போகிறேன் என்றவன் விட்டுப் போகிறேன் என்கிறான். இருக்கட்டும் என்று இங்குள்ளவர் தலையாட்டுகிறார். அந்த இருப்பின் அருகே குடியிருக்கப் போகிறவனிடம் ஒரு சொல் கேட்டார்களா? 2013 மே 6-இல் உச்ச நீதிமன்றம் உலைக்கு இசைவளித்தபோது, எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் கிடங்கை ஐந்தாண்டுகளுக்குள் அமைக்கச் சொன்னது. ஐந்தாண்டு முடிந்தது, கிடங்கு முடியவில்லை, மேலும் காலம் கேட்டார்கள். 2019 சூலையில் அதற்கான கருத்துக் கேட்பை நடத்துவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். விருந்து முடிந்து 31 ஆண்டுக்குப் பிறகு, இலையை எங்கே போடுவது என்று வீட்டுக்காரனிடம் கேட்க வந்தார்கள்!

மக்கள் வாளாவிருந்தார்களா? இல்லை. 1989 மே முதல் நாள், கன்னியாகுமரியில் கூடிய மீனவர் பேரணி கூடங்குளத்தையும் எதிர்த்துக் குரல் எழுப்பியது. அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்து பலர் காயமுற்றனர். 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி இக்கரையைத் தாக்கியது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுசிமாவில் கடல் புகுந்து உலைகள் உருகியதை உலகமே கண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இடிந்தகரை எழுந்தது. பெண்களும் குழந்தைகளும் பந்தலின்கீழ் நாள்கணக்காக, மாதக்கணக்காக அமர்ந்தனர். கல் எறியவில்லை, கடை உடைக்கவில்லை, கேள்விதான் கேட்டனர். 2011 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை, மக்களின் அச்சம் நீங்கும்வரை பணியை நிறுத்துமாறு தீர்மானம் போட்டது.

அப்போதுதான் இன்னொரு பயணம் குறுக்கிட்டது. 2011 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் மாஸ்கோ சென்றார். முதல் உலை இரண்டொரு வாரத்தில் இயங்கத் தொடங்கும் என்று அந்தப் பயணத்தின்போது அறிவித்தார். இடிந்தகரைப் பந்தலில் பட்டினி கிடந்தவர்களுக்கான விடை மாஸ்கோவிலிருந்து வந்தது! நெல்லை மக்களிடம் வந்து சொல்லவேண்டியதை நாலாயிரம் கல் தொலைவில் போய்ச் சொன்னார்கள். ஏன்? விருந்தளிப்பவனுக்கு வாக்குக் கொடுத்தாக வேண்டுமே! வாக்குப் போட்டவனுக்கு எதையும் சொல்லாமல் இருக்கலாம். அவன் எங்கே போய்விடுவான்!

2012 மார்ச் 19-இல் தமிழக அரசும் பச்சைக்கொடி காட்டியது. செப்டம்பர் 10-இல் கடற்கரையில் கூடிய மக்கள்மீது கண்ணீர்ப்புகையும் தடியடியும் பாய்ந்தன. மணப்பாட்டில் மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். ஆயிரக்கணக்கானோர்மீது அரசத் துரோக வழக்குகள் குவிந்தன. மன்னன் இல்லாத நாட்டில் மன்னனுக்குத் துரோகம்! வலை பின்னும் பெண்ணும், பள்ளி செல்லும் பிள்ளையை மடியில் வைத்த தாயும் அரசை எதிர்த்துப் போர் தொடுத்தவர்களாம்!

பிறகு 2016 ஆகஸ்ட் 10. முதல் உலையை நாட்டுக்கு அர்ப்பணிக்கும் விழா. ரஷ்யத் தலைவர் புதின் மாஸ்கோவில், பிரதமர் மோடி தில்லியில், முதலமைச்சர் செயலலிதா சென்னையில், காணொளியில் விழா. அவ்வாண்டு அக்டோபரில் புதின் கோவாவுக்கு வந்தபோது, மூன்றாம் நான்காம் உலைகளுக்கான தொடக்க விழாவும் காணொளியிலேயே. தலைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கூடங்குளத்தில்தான் எவரும் இல்லை. உற்சவராவது வீதிவரை வருவார்!

இது ஒரு முறை நேர்ந்த பிழை அன்று, வழக்கமாகிப்போன முறை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா தில்லி வந்தார். 30-ஆம் நாள் சாஸ்திரியாருடன் ஒப்பந்தம். மலையகத்தில் நாடற்றவராக்கப்பட்ட 9,75,000 தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கீடு! நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தேயிலைக் காட்டுக்குக் கூட்டிச் செல்லப்பட்டவர்களின் மக்களும் பேரன்மாரும் அவர்கள். மூட்டை பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். மூட்டையிடம் யார் கருத்துக் கேட்பார்? 1974 சனவரியில் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாக்கினார்கள். அதே ஆண்டு சூன் மாத இறுதியில் கச்சத்தீவு கைமாறியது. தமிழக சட்டமன்றத்தின் இசைவு பெறப்படவில்லை. ஆகஸ்டில் அவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளில் தங்கியது, தீவு தங்கவில்லை. 1964-இல் மனிதர், 1974-இல் தீவு, 1988-இல் கடற்கரை. விருந்தினர் மாறினர், விருந்தளித்தோர் மாறினர், பரிமாறப்பட்டது மட்டும் எப்போதும் தமிழனுடையது!

இங்கே மறுப்பாளர் எழுவர். எழட்டும், விடை சொல்வோம்.

"மின்சாரம் வேண்டாமா?" என்பர். வேண்டும். ஆயினும் நான் கேட்பது உலை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார் என்பது. அணு உலையை ஆதரிக்கும் பகுத்தறிவாளரும் உண்டு, எதிர்ப்பவரும் உண்டு. இருவரும் எதிரெதிரே நின்று ஆதாரங்களை வைத்து வாதாடுவதே பகுத்தறிவு. வாதமே நடவாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வல்லுநர் சொல்லிவிட்டார், வாயை மூடு" என்பது, "சாத்திரம் சொல்லிவிட்டது, வாயை மூடு" என்றதன் மறுபிறவி.

"வெளியுறவு ஒன்றிய அரசின் உரிமை, ஊர்தோறும் கேட்டால் உலகத்தோடு எப்படி உறவாடுவது?" என்பர். உலகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறோம். ஜெர்மனியின் அரசியல் சட்டம், 32-ஆவது விதியில், ஒரு மாநிலத்தின் தனி நிலைமைகளைத் தொடும் ஒப்பந்தம் முடிவாகுமுன் உரிய காலத்தில் அம்மாநிலத்தைக் கலந்தாக வேண்டும் என்கிறது. அமெரிக்க நாட்டில் உடன்படிக்கைக்கு மேலவையின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 2016 அக்டோபரில், பெல்ஜியத்தின் ஒரு வட்டாரமான வலோனியா, கனடாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான வணிக ஒப்பந்தத்தையே சில நாள் நிறுத்திவைத்தது. கேட்ட உறுதிமொழிகளைப் பெற்ற பிறகே வழிவிட்டது. வலோனியாவின் மக்கள்தொகை நாற்பது இலட்சத்துக்கும் குறைவு. அதனால் ஐரோப்பா உடைந்துவிடவில்லை. இங்கேயோ, ஒப்பந்தம் செய்வதும் அணு ஆற்றலும் ஒன்றியப் பட்டியலில். 73-ஆவது விதிப்படி ஒன்றிய அமைச்சரவையின் கையெழுத்தே போதும். நாடாளுமன்றத்தின் முன் இசைவுகூடக் கட்டாயமில்லை. 253-ஆவது விதியோ, ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநிலத்தின் அதிகாரத்துக்குள்ளும் நாடாளுமன்றம் நுழையலாம் என்கிறது. ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தமிழ்நாட்டுக்கு, வலோனியாவுக்குள்ள வாய்கூட இல்லை!

"வந்த விருந்தினரை அவமதிக்கலாமா? தமிழன் விருந்தோம்பல் அறியாதவனா?" என்பர். அறிந்தவன்தான். தன் சோற்றைப் பகிர்ந்து தருவதே விருந்தோம்பல். அடுத்தவன் அடுக்களையில் புகுந்து அவன் பானையை எடுத்துப் பரிமாறுவதற்குத் தமிழில் வேறு சொல் உண்டு. ரஷ்ய மக்கள்மீது நமக்குப் பகையில்லை. 1931 டிசம்பரில் புறப்பட்டு, சோவியத்து நாட்டையும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றையும் கண்டு, 1932 நவம்பரில் இலங்கை வழியாகத் திரும்பிய பெரியாரும் பயணம் செய்தவர்தான். அவருக்குக் குண்டு முழக்கம் இல்லை; செங்கம்பளம் இல்லை. தொழிற்கூடங்களைக் கண்டார், தொழிலாளரைக் கண்டார், கண்டதையெல்லாம் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் சொன்னார். அவர் மக்களுக்காகக் கருத்தைக் கொண்டுவந்தார்; இவர்கள் மக்களைக் கேளாமல் கடனைக் கொண்டுவருகிறார்கள். பயணத்தின் பயன் பயணியின் பதவியில் இல்லை. திரும்பி வந்து யாரிடம் கணக்குச் சொல்கிறான் என்பதில் இருக்கிறது.

பிறரை மட்டும் குறை சொல்லி முடித்தால் நான் நேர்மையாளன் ஆகேன். 1988-இல் நமக்கு அவை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதன் பின் எத்தனை அவைகள்! திராவிட இயக்கத்தின் பெயரைச் சொல்லும் இரு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. தில்லி ஆட்சியிலும் பங்கு வகித்தன. மாநில சுயாட்சியைத் தேர்தல் மேடையில் முழங்கிய நாம், இடிந்தகரைப் பந்தலுக்கு எத்தனை முறை சென்றோம்? அவர்கள் கிறித்தவ மீனவர்; அது கடற்கரைச் சிக்கல் என்று ஆற்றங்கரையிலிருந்து வேடிக்கை பார்த்தவர் எத்தனை பேர்? பாபநாசத்தில் இறங்கிப் பாளையங்கோட்டையைத் தொட்டுப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணிக்கு, கரைக்குக் கரை சாதி தெரியாது. தெரிந்துவைத்திருப்பது நாம்தான்.

கேட்டுச் செய்தால் எந்த வேலையும் நடவாது என்ற பேச்சுக்கும் நம் ஆறே விடை சொல்லும். தாமிரபரணியின் வெள்ளநீரைச் சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட நிலங்களுக்குக் கொண்டுசெல்லும் கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய்த் திட்டம் 2009-இல் தொடங்கி, 2025-இல் திறக்கப்பட்டது. காலம் கடந்தது, செலவு ஏறியது, குறைகள் உண்டு. ஆனால் குறையைக் கேட்க ஓர் இடம் இருந்தது. ஏன் தாமதம் என்று சட்டமன்ற உறுப்பினரின் சட்டையைப் பிடிக்கலாம். அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். கொர்பச்சேவை எந்தத் தேர்தலில் நெல்லையான் வீட்டுக்கு அனுப்புவான்?

ஆகவே இளைஞர்களே, வேண்டுவன மூன்று. ஒன்று: ஒரு மாநிலத்தின் நிலத்தையோ நீரையோ கடலையோ மக்களையோ தொடும் எந்த ஒப்பந்தமும், கையெழுத்தாகுமுன் அம்மாநிலச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு இசைவு பெறவேண்டும்; அவை இல்லாத காலத்தில் அத்தகைய ஒப்பந்தமே கூடாது. இரண்டு: ஒப்பந்தம் அந்த மக்களின் மொழியில் அச்சாகி, அந்த ஊரின் கிராமசபையில் படிக்கப்படவேண்டும். மூன்று: அரசுத் தலைவரோ பிரதமரோ மேற்கொண்ட ஒவ்வொரு பயணத்துக்கும், செலவு எவ்வளவு, எதற்கு வாக்களித்தார், எதைப் பெற்றார் என்ற அறிக்கை, எவரும் மனுப்போட்டுக் கேட்குமுன்பே வெளிவரவேண்டும். மாநில உரிமைகளை ஆராய அமைந்த இராசமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது. 1974-இல் அவை சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025-இல் மீண்டும் நீதியரசர் குரியன் சோசப் தலைமையில் குழு அமைந்தது. குழுக்கள் வரும், போகும். கேள்வியைக் கைவிடாதவர்கள் இருந்தால்தான் அறிக்கை சட்டமாகும். படிப்பகங்களில் இதைப் பேசுங்கள். உங்கள் ஊர் கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் எழுதி வாங்குங்கள்.

மறுநாள் வகுப்புக்குச் சென்று அந்த மாணவியை எழுப்பினேன். "அப்படி ஒரு சட்டம் இல்லை" என்றேன். அவள் சிறிது நேரம் நின்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப, அதை யாரு எழுதணும் சார்?"

அந்தக் கேள்வியைத்தான் உங்கள்முன் வைத்திருக்கிறேன்.